ரோலர் மேடைக் கல்யாணம்

போன மாதம் என் மகன் அவன் வேலை பார்க்கும் குடோனைக் காட்ட என்னைக் கூட்டிப் போனான். கருமத்தம்பட்டியைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஒரு ஊரையே உள்ளே விட்டுப் பூட்டிவிடலாம், அவ்வளவு பெரிது. உள்ளே இடுப்பு உயரத்துக்கு இரும்பு மேடைகள் நீளநீளமாகப் போகின்றன. மேடை முழுக்க உருளைகள். சரக்கைப் பேலட் என்கிற மரத்தட்டில் கட்டி ஏற்றிவிட்டால் அது தானாக நகர்ந்து, எந்த லாரிக்குப் போக வேண்டுமோ அந்த வாசலுக்கு நேராக நின்று தன் முறைக்குக் காத்திருக்கிறது. தள்ள ஆளில்லை, நிறுத்த ஆளில்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறதாம்.

"மணி எங்கடா?" என்று கேட்டேன்.

"என்ன மணிம்மா?"

"சரக்கை உடறதுக்கு அடிக்கிற மணி."

அவன் சிரித்தான். பக்கத்தில் நின்ற அவன் சிநேகிதர்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இப்படி ஒரு மேடையில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அவனுக்குத் தெரிந்தது அவன் அப்பா சொன்ன கதை. அவர் சொன்னால் கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய கதைதான், இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் அது என் கல்யாணம், என் அப்பா. நான் சொல்கிற மாதிரி அவர் சொல்ல முடியாது.

குன்னூரில் பெட்ஃபோர்டு பகுதிக்குக் கீழே இறங்கும் சரிவில் ஒரு தேயிலைக் குடோன் இருந்தது. சுற்றுவட்டார ஃபேக்டரிகளின் தேயிலை ஏலம் முடிந்து வெளியூர் போவதற்கு முன்னால் அங்கேதான் தங்கும். என் அப்பா காளிமுத்துவுக்கு அங்கே வேலை. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு நானும் அப்பாவும்தான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வெறும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நேராகக் குடோனுக்குப் போய்விடுவேன். தேயிலை மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். தலைமுடி, பாவாடை, புத்தகப் பை எல்லாவற்றிலும் தேயிலைத் தூசி ஏறிவிடும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூக்கைச் சுளிப்பாள். எனக்கு அது அப்பாவின் வாசம். இன்றைக்கும் காலையில் டீத்தூள் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு நிமிடம் கை அப்படியே நின்றுவிடுகிறது.

லாரி வாசலை ஒட்டித்தான் ரோலர் மேடை. லாரியின் தட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், நடுவில் நெருக்கமாக உருளைகள், வாசல் பக்கமாக லேசான இறக்கம். ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒரு டன் தேயிலையைப் பேலட்டோடு தூக்கிவந்து மேல் முனையில் வைக்கும். வைத்தது தன் பாட்டுக்கு உருண்டு ஓடிவிடாமல் இருக்க, உருளைகளுக்கு நடுவே ஒரு இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு நேர் கீழே தரையோரமாக ஒரு மிதி. காலால் அதை அழுத்தினால் நாக்கு உள்ளே இறங்கும், பேலட் மெல்ல உருண்டு வாசல் முனைக்குப் போய் நிற்கும். அந்த மிதிதான் அப்பாவின் வேலை.

மேடையோரத் தூணில் ஒரு வெண்கல மணி தொங்கும். சூப்பர்வைசர் போஜன் லாரியைப் பார்த்துவிட்டு அதை அடிப்பார். ஒரு தரம் அடித்தால் பேலட்டை வை. இரண்டு தரம் அடித்தால் நிறுத்து. மூன்று தரம் அடித்தால் விடு. மூன்றாவது மணியின் சத்தம் அடங்குவதற்குள் அப்பாவின் கால் இறங்கியிருக்கும். வெற்றிலை மென்றுகொண்டே பக்கத்து ஆளிடம் தேர்தலைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார், கால் மட்டும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

"எனக்குக் காதே முட்டிக்குக் கீழதான் இருக்குது கண்ணு" என்று சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு வரன் பார்த்த கதையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. வந்தவர்கள் எல்லாரும் டீயைக் குடிப்பார்கள், முறுக்கைக் கடிப்பார்கள், அப்பா என்ன வேலை என்று கேட்பார்கள். அப்பாவும் ஒளிக்காமல் "மிதி மிதிக்கிறனுங்க" என்பார். அதோடு சரி. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் யாரும் சொல்லி அனுப்பவில்லை. எனக்கு வயது ஏறிக்கொண்டே போனது. தையல் கடையில் ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நான் ரவிக்கை தைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் காரமடையிலிருந்து பாலசுப்பிரமணியம் வந்தார். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அப்பா தன் வேலையைச் சொன்னதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே எடுத்துவந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அடுப்படி வரைக்கும் வந்த மாப்பிள்ளை அவர் ஒருவர்தான். எனக்கு அப்போதே மனசு விழுந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

சங்கடம் என்னவென்றால், அவருக்கு ஒரு முறைப்பெண் இருந்தாள். தாய்மாமன் குமாரசாமியின் மகள். கூடவே வளர்ந்தவளைக் கட்டிக்கொள்ள மனசு வரவில்லை என்று இவர் சொல்லிவிட்டார். மாமனுக்கு அது ஆறவில்லை. நிச்சயத்தன்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார்:

"சரி, உங்க இஷ்டம். கார்த்திகை கடைசி முகூர்த்தம், அதுலயே முடிக்கோணும். அது தவறிப்போச்சுன்னா தை பொறந்ததும் என்ற புள்ளைக்குத்தான் பாலு தாலி கட்டோணும். என்ன அன்னம்?"

அன்னம் என் மாமியார். கூடப் பிறந்தவனைப் பகைத்துக்கொள்ள முடியாமல் சரி என்று தலையாட்டினார். அப்பாவும் தலையாட்டினார். ஆகக்கூடி எனக்கு இருந்தது ஒரே ஒரு முகூர்த்தம்.

அந்த முகூர்த்தத்துக்கு முந்தின நாளா மழை அப்படிக் கொட்ட வேண்டும்?

மாப்பிள்ளை வீட்டார் மதியமே மலையேறி வந்துவிட்டார்கள். ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஆளுக்கு இரண்டு பேராகப் பிரித்துத் தங்கவைத்தோம். அவர்களை இறக்கிவிட்ட வேன் மிச்ச உறம்பரைச் சொந்தங்களைக் கூட்டிவரக் கீழே போனது. விடிந்து பார்த்தால் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்சரிவு. நாங்கள் பேசியிருந்த மண்டபம் சரிவுக்கு அந்தப் பக்கம். சமையல்காரர், மேளக்காரர், பூஜைச் சாமான், எல்லாம் அந்தப் பக்கம். மாப்பிள்ளை, நான், கூறைப்புடவை, தாலி, இவ்வளவும் இந்தப் பக்கம். குமாரசாமி மாமா வாசலில் நின்று மழையைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அங்கே ஓடைத் தண்ணீர் ஏறியிருந்தது. லைன் வீட்டுக்குள் பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் மழையில்தான் நிற்க வேண்டும். அப்பா குடை கூட இல்லாமல் ஓடிப் போய் போஜன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, லோடு கிடையாது. போஜன் சாவியை எடுத்துக்கொண்டு வந்து குடோனைத் திறந்தார். வாய்க்கால் அடைத்து, லாரி வாசல் பக்கம் முழுக்கக் கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர். தேயிலை அடுக்கியிருந்த மேட்டுப் பக்கத்தில் ஆள் நுழையக்கூட இடமில்லை. நனையாமல் வெறுமையாக இருந்தது ரோலர் மேடை ஒன்றுதான்.

"மேடை மேல வெச்சுக்குங்க. சரக்கு நனையக் கூடாதுன்னுதான அதை உசரமாக் கட்டுனது?" என்றார் போஜன். "ஆனா காளிமுத்து, தேயிலை இருக்கிற எடம். உள்ள ஒரு தீக்குச்சி வரக் கூடாது. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, ஒண்ணுமே ஆகாது."

இரண்டு பேலட்டுகளைச் சேர்த்து வைத்து மேலே பலகை அடித்தார்கள். பலகை மேல் ஜமக்காளம். நான்கு மூலைக்கும் வாழைக் கன்று கட்டினார்கள். அதைத் தூக்கி மேடையின் மேல் முனையில் இரும்பு நாக்கை ஒட்டி வைத்தார்கள். மணவறை தயார். உருளைகளில் கால் வைத்தால் கால் ஒடியும் என்பதால் பக்கவாட்டில் ஏணி சாத்தி எங்களை ஏற்றிவிட்டார்கள். கீழே ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டும் தண்ணீரில் நின்றார்கள். பட்டுப் புடவையும் சேற்றுக் காலுமாக அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

மாரியம்மன் கோயில் பூசாரி அழகர்சாமி வந்தார். அவருக்கு ஒரே கவலை.

"நெருப்பு இல்லீங்க, மேளம் இல்லீங்க. என்ற கை மணியும் மண்டபத்துக்குப் போயிருச்சு. மணிச் சத்தங்கூட இல்லாம எப்படிங்க தாலி கட்டறது?"

யாரோ தூணில் தொங்கிய மணியைக் காட்டினார்கள். அழகர்சாமி ஒரு தரம் அதைத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கோயில் மணியே தோற்றுப்போகும் சத்தம். எல்லாருக்கும் சந்தோஷம். அந்த மணி என்னத்துக்குத் தொங்குகிறது என்று அங்கே நின்ற சுமைக்காரர் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. தினம் அதைக் கேட்டே வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. மணப்பெண்ணாக உட்கார்ந்திருப்பவளுக்கு மூளை எங்கே வேலை செய்கிறது.

தாரை வார்க்கும் நேரம் வந்ததும் குமாரசாமி மாமா, பெண்ணுக்கு அம்மா இல்லை, அதனால் அப்பா மேடை ஏறக் கூடாது, தம்பதியாக இருக்கிறவர்கள்தான் தாரை வார்க்க வேண்டும் என்றார். முறை அப்படித்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த முறையைக் கண்டுபிடித்தவன் யாரோ அவன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சமைத்துப் போட்டு, தலை பின்னிவிட்டு, காய்ச்சலில் கூடவே உட்கார்ந்திருந்து என்னை வளர்த்தது ஒருவர். தாரை வார்க்க வேறு இரண்டு பேர். சித்தப்பாவும் மாரியாயி சித்தியும் ஏணி ஏறி வந்து தாரை வார்த்துவிட்டு இறங்கினார்கள். அப்பா ஒதுங்கிப் போனார். எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தினம் நிற்கிற இடத்திலேயே போய் நின்றார். மிதிக்குப் பக்கத்தில்.

அழகர்சாமி தாலியைத் தட்டில் வைத்து எல்லாரும் தொட்டுக் கும்பிட அனுப்பினார். தட்டு திரும்பி வந்தது. இவர் தாலியை எடுத்து என் கழுத்துக்குக் கொண்டுவந்தார். கயிற்றின் இரண்டு முனையும் என் பிடரிக்குப் பின்னால் அவர் கையில் இருந்தன. நான் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு. அழகர்சாமி மணிக்கயிற்றை இழுத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மணவறை நகர்ந்தது.

முதலில் எனக்கு மயக்கம் வருகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு உருளைச் சத்தம் கேட்டது. கடகடவென்று, நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். வாழைக் கன்றுகள் ஆடின, தூண் பின்னால் போனது, மணிக்கயிற்றைப் பிடித்தபடி அழகர்சாமி பின்னால் போனார், கூட்டமே பின்னால் போனது. எங்கள் மேல் வீசிய அட்சதை வெறும் உருளைகளில் விழுந்தது. தலை குனிந்திருந்த என் காதருகே இவர் மெதுவாகக் கேட்டார்:

"உங்கூர்ல இது இப்படித்தானுங்களா?"

அதற்குள் வாசல் முனைத் தடுப்பில் இடித்து மணவறை நின்றது. அந்த முனை தகரக் கூரையை விட்டு ஒரு முழம் வெளியே நீண்டிருக்கும். கூரைத் தண்ணீர் மொத்தமும் எங்கள் தலையில் கொட்டியது.

முதலில் குரல் எழுப்பியது குமாரசாமி மாமா.

"பார்த்தீங்களா? மணவறையே நகுந்து போச்சு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? எந்திரி பாலு. போதும் இந்தக் கண்ணாலம்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். புது வேட்டி, புதுத் துண்டு. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. என் அப்பா அழுது நான் பார்த்தது அம்மா போன அன்றைக்கு ஒரு தரம், இது இரண்டாம் தரம். எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவரைத் தூக்கி நிறுத்தினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்தேன்.

அப்போது அன்னம் மாமி தண்ணீரை விலக்கிக்கொண்டு வாசல் முனைக்கு நடந்து வந்தார். அண்ணன் பேச்சை மீறாதவர். மகனை அண்ணாந்து பார்த்தார்.

"பாலு, கயித்த உட்டியா?"

"இல்லீம்மா." இவர் கைகள் இன்னும் என் பிடரியில்தான் இருந்தன. இரண்டு முனையும் அப்படியே விரலில். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நகுந்தப்பவும் உடலியா?"

"உடலீம்மா."

அன்னம் மாமி அண்ணன் பக்கம் திரும்பினார். "அவன் கயித்த உடலீங்கண்ணா. அப்பறம் என்ன சகுனம்? முகூர்த்தம் இன்னும் முடியலீல்ல? மேல தள்ளுங்க."

சுமைக்காரர்கள் இதற்காகவே காத்திருந்த மாதிரி பாய்ந்து வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆட்களும் வந்தார்கள். இறக்கத்தில் தானாக வருகிற மேடைதான். ஏற்றத்தில் தள்ளுவதற்கு யாரும் அதைக் கட்டவில்லை. காரமடைக்காரர்கள் ஒரு பக்கமும் எங்கள் ஆட்கள் ஒரு பக்கமும் முக்கினார்கள். மணவறை கோணிக்கொண்டு பாதி வழியில் சிக்கியது. குமாரசாமி மாமா கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். இளவயதில் மண்டியில் தள்ளுவண்டி தள்ளியவர் அவர். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அட, எல்லாரும் ஒரே மூலையில கையக் குடுத்தா எப்படிப் போகும்? அக்கட்டால மூலைக்கு ரெண்டு பேரு வாங்க. நானு சொல்றப்பத் தள்ளுங்க." சொல்லிக்கொண்டே தண்ணீரில் இறங்கித் தோளைக் கொடுத்தார்.

மணவறை மேல் முனைக்கு வந்தது. இரும்பு நாக்கு டக்கென்று மேலே எழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். குமாரசாமி மாமாவும் மறதியாகத் தட்டிவிட்டார்.

இப்போது அப்பா வர மாட்டேன் என்றார். வாசலுக்கு வெளியே போய் நிற்கிறேன், முடிந்ததும் கூப்பிடுங்கள் என்றார். போஜன் மிதிக்கு அடியில் கட்டை வைக்க ஆள் தேடினார். மணப்பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பார்கள். எனக்கு அதெல்லாம் போய் வெகுநேரமாகியிருந்தது.

"அப்பா, நீங்க அங்கயே நில்லுங்க. கட்டை கிட்டை ஒண்ணும் வேண்டாம். நீங்க வெளிய போனா நானு எந்திரிச்சு வந்துருவேன்."

"கண்ணு, இந்தக் காலை நம்பாத கண்ணு."

"நானு நம்பறேன். நில்லுங்க."

அப்பா வந்து நின்றார். அழகர்சாமி மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரைப் பயத்தோடு பார்த்தார். மணி இல்லாமலே முடித்துவிடலாமா என்றுகூடக் கேட்டார். வேண்டாம், அடியுங்கள் என்று அப்பாவே சொன்னார். சொல்லிவிட்டு வலது காலைத் தண்ணீரிலிருந்து தூக்கி, முட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்து நின்றார்.

மணி மூன்று தரம் அடித்தது. மணவறை அசையவில்லை. இவர் இரண்டு முடிச்சுப் போட்டார், நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டாள். அட்சதை இந்தத் தடவை எங்கள் மேல் விழுந்தது. அப்பா காலைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார்.

லைன் வீடுகளில் ஆளாளுக்கு அடுப்பு மூட்டி உப்புமாவும் சுண்டலும் செய்துகொண்டு வந்தார்கள். வந்திருந்தவர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். கல்யாணச் சாப்பாடு என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த உப்புமாதான். மதியத்துக்கு மேல் மழை குறைந்தது, நிற்கவில்லை. ரோட்டில் ஒரு ஓரம் மட்டும் மண்ணை அள்ளிவிட்டார்களாம். மேலிருந்து இறங்கும் வண்டிகளை மட்டும் விடுகிறார்களாம். எங்கள் வேன் ஏற முடியாமல் கீழேயே நின்றது. விளக்கு வைப்பதற்குள் நான் காரமடை வீட்டில் கால் வைத்தாக வேண்டும். போஜன் குடோன் லாரியையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். டிரைவர் மாரிச்சாமி லாரியைப் பின்னால் எடுத்துவந்து மேடை முனையோடு ஒட்டி நிறுத்தினார். தட்டில் தார்ப்பாய் கட்டி, பாய் விரித்து, மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பக்கவாட்டில் ஏறிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் பாக்கி.

தண்ணீர் இன்னும் வடியவில்லை. கூறைப்புடவையோடு பெண்ணைச் சேற்றில் இறக்க வேண்டாம் என்றார் அன்னம் மாமி. லாரித் தட்டில் நின்றுகொண்டு சிரித்தபடியே சொன்னார்:

"அதுதான் நல்லா ஓடுதில்ல. அதுலயே அனுப்பி உடுங்க, நாங்க புடிச்சுக்கறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவர் என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். வாசல் முனைத் தடுப்பை இரண்டு பேர் மடக்கினார்கள். அப்பா மிதிக்குப் பக்கத்தில் போய் நின்று காலை அதன் மேல் வைத்தார். லாரிக்கு லோடு அனுப்பும்போது எப்படி நிற்பாரோ அப்படித்தான் நின்றார். போஜன் லாரியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மணியை அடித்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று.

மணவறை அசையவில்லை.

போஜன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் மூன்று தரம் அடித்தார். அப்பாவின் கால் மிதியின் மேல்தான் இருந்தது. இறங்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். காலையில் இருந்த சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. என்னைப் பார்க்காமல் நேரே அந்த இரும்பு நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அப்பா தனியாகத்தான் அந்த வீட்டுக் கதவைத் திறக்கப் போகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை அந்த நினைப்பு ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதிலேயே நாள் முழுக்கப் போய்விட்டது.

லாரியிலிருந்து குமாரசாமி மாமா எட்டிப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

"ஏனுங்க சம்மந்தி, மணி அடிச்சாச்சுங்க."

"கேட்டுச்சுங்க" என்றார் அப்பா.

கால் இறங்கவில்லை. அழுத்துங்கப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. இன்னொரு தரம் அடிக்கக் கயிற்றுக்குப் போன போஜனின் கை திரும்பி வந்தது.

மாரிச்சாமி லாரி இஞ்சினை அணைத்தார். தகரத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. லாரி நிறைய ஆட்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்துக்கு நான் அப்பா வீட்டுப் பெண்ணாகவே அந்த மேடையில் உட்கார்ந்திருந்தேன்.